டர்பனில் வீட்டுக் கான்கிரீட் வேலைக்கு ஆள் அமர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், ஐசிபிங்கோ என்று டர்பனைச் சுற்றி வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதியது. டிரைவ்வே, முற்றம், படிக்கட்டு, கார் நிறுத்தும் தளம், மண்ணைத் தாங்கும் சுவர் ஆகியவைதான் இங்கே பேச்சு. கான்கிரீட்டில் ஒரு தொல்லை உண்டு. பெயின்ட் அடித்தவன் ஏமாற்றினால் மறுநாளே கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட் போட்டவன் ஏமாற்றினால் அடுத்த மழைக்காலம் வரை தெரியாது. எதற்குக் காசு கொடுக்கிறோமோ அது முழுக்கத் தளத்துக்கு அடியில் இருக்கிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை கொட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியவை.

யாரைக் கூப்பிடுவது? மேஸ்திரி போதுமா, கான்ட்ராக்டர் வேண்டுமா, இன்ஜினியர் வேண்டுமா?

சமதரையில் ஒரு நடைபாதை, தோட்டத்துப் படி நான்கு, துணி காயப்போட ஒரு சின்னத் தளம் என்றால் நல்ல மேஸ்திரி ஒருவரும் இரண்டு ஆட்களும் போதும். கார் ஏறும் தளம், சரிவான டிரைவ்வே, வீட்டுச் சுவரை ஒட்டிப் போடும் முற்றம் என்றால் சொந்தமாகக் கலவை மெஷினும் மண் இறுக்கும் வாக்கர் மெஷினும் வைத்திருக்கும், அல்லது வாடகைக்கு எடுத்து வரும், கான்ட்ராக்டரைப் பாருங்கள். வாக்கர் இல்லாமல் கால் மிதியிலேயே மண்ணை இறுக்கிவிடலாம் என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

மண்ணைத் தாங்கும் சுவர், மாடித் தளம், மேலே அறை எழுப்பும் எண்ணத்தோடு போடும் அஸ்திவாரம் எல்லாவற்றுக்கும் பதிவு பெற்ற இன்ஜினியர் வேண்டும். எக்சா என்று சொல்லும் பொறியாளர் கவுன்சிலில் அவர் பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜினியருக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவாகத் தோன்றும். சுவர் சாய்ந்தால் இடித்துக் கட்டும் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது.

முனிசிபாலிட்டி அனுமதி வேண்டுமா?

1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட ஒழுங்குமுறைச் சட்டம்தான் தென்னாப்பிரிக்கா முழுவதுக்கும். அதில் 'சிறு கட்டட வேலை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. திறந்த பக்கங்கள் கொண்ட, 40 சதுர மீட்டருக்கு மிகாத கார்போர்ட், 10 சதுர மீட்டருக்கு மிகாத கருவி அறை, 1.8 மீட்டருக்கு மிகாத உயரமுள்ள, மண்ணைத் தாங்காத தனிச் சுவர், வீட்டு நீச்சல்குளம் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்கு முழு வரைபடம் தரவேண்டாம் என்று கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரி விலக்கு அளிக்கலாம். ஆனால் அவரிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்கவேண்டும். பலர் 'விலக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துவிடுகிறார்கள்.

மேலே சொன்னதில் 'மண்ணைத் தாங்காத' என்பதைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் உயரமே இருந்தாலும், பின்னால் மண் நின்றால் அந்தச் சுவர் பட்டியலுக்கு வெளியே. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடமானால் வரைபடத்தின் மேல் முடிவு சொல்ல முனிசிபாலிட்டிக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். அதை மனதில் வைத்து நாள் குறியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கேட்டுக்கு வெளியே ரோட்டோரப் புல்தரையும் கர்பும் (ரோட்டின் கல் விளிம்பு) உங்களுடையவை அல்ல, முனிசிபாலிட்டியுடையவை. டிரைவ்வேக்காகக் கர்பை உடைப்பதானால் தனியாகக் கேட்கவேண்டும். அடுத்தது, பின்பக்கம் சாக்கடைக் குழாய் போகும் மனைகள் நம் பகுதிகளில் ஏராளம். மேன்ஹோல் மூடியைக் கான்கிரீட்டால் மூடிவிட்டால், அடைத்துக்கொள்ளும் நாளில் உங்கள் புதுத் தளத்தைத்தான் முதலில் உடைப்பார்கள். மூடியைத் தளமட்டத்துக்கு உயர்த்தித் தரவேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதில் பாதி. யார் ஏமாற்றுகிறார்?

யாரும் ஏமாற்றாமலும் இருக்கலாம், மூவரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். 'டிரைவ்வே, மொத்தமாக இவ்வளவு' என்று ஒற்றை வரியில் வந்த தாளை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தை இல்லை.

10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 100 மி.மீ. கனம் என்றால் 3 கன மீட்டர் கான்கிரீட். டிரைவ்வேக்கு வேண்டிய 25 எம்பிஏ (மெகாபாஸ்கல், கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் அலகு) பலத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கலவை, சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று, 19 மி.மீ. ஜல்லி மூன்று. இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை ஆறிலிருந்து ஏழு வரை பிடிக்கும். ஆக மொத்தம் 18 முதல் 21 மூட்டை. குறைந்த விலை சொன்னவரிடம் "அண்ணே, சிமெண்ட் எத்தனை மூட்டை போடுவீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பத்து, பன்னிரண்டு என்று பதில் வந்தால் விலை ஏன் குறைந்தது என்று புரிந்துவிடும். ஒன்று கனம் குறையும், இல்லை பலம் குறையும்.

கொட்டேஷனில் இருக்கவேண்டியவை: எவ்வளவு ஆழம் தோண்டுவது, தோண்டிய மண்ணை யார் அள்ளிக்கொண்டு போவது, இறுக்குவது எப்படி, கான்கிரீட்டின் கனமும் எம்பிஏ பலமும், வலைக்கம்பியின் (மெஷ்) எண், ஜாயின்ட் எத்தனை அடிக்கு ஒன்று, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், எத்தனை நாள் நனைத்து வைப்பது, வாட் சேர்த்தா சேர்க்காமலா. தோண்டிய மண்ணைப் பற்றித்தான் கடைசியில் சண்டை வரும். மூன்று பக்கி (சிறு சரக்கு வண்டி) மண் கேட்டருகே குவிந்து கிடக்கும், "அது என் கணக்கில் இல்லையே" என்பார்.

வாட் 15 சதவீதம் கேட்பவரிடம் வாட் எண்ணையும் கேளுங்கள். அந்த எண் உண்மையா என்று சார்ஸ் என்னும் வரித்துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம். பதிவில்லாமல் வாட் வாங்குவது குற்றம்.

என்ஹெச்பிஆர்சி சான்றிதழ் காட்டுகிறார். அதுவே போதாதா?

அது புதுவீடு கட்டுபவர்களின் பதிவு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த அமைப்பில் வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன்பே பதிவு செய்த புதுவீட்டுக்குக் கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு 1 ஆண்டு, மற்ற சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம் என்று உத்தரவாதம் உண்டு. பழைய வீட்டுக்கு நீங்கள் போடும் டிரைவ்வேக்கு அந்த உத்தரவாதம் வராது. 2024இல் கையெழுத்தான புதிய வீட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த வட்டத்தைப் பெரிதாக்குகிறது. அதனால் வீட்டோடு சேர்த்து அறை எழுப்புபவர்கள், தங்கள் வேலைக்கு எந்தச் சட்டம் என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

சிஐடிபி கிரேடு என்பதும் அப்படித்தான். அது அரசாங்க வேலைக்கு டெண்டர் போடுபவர்களுக்கான பதிவு. இருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் முற்றத்துக்கு அது சாட்சி சொல்லாது. எனக்குக் காகிதத்தைவிடப் பழைய வேலைமேல்தான் நம்பிக்கை அதிகம். மூன்று வருஷத்துக்கு முன் போட்ட தளம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் போட்டதைக் காட்டினால் பயனில்லை, புதிதில் எல்லாக் கான்கிரீட்டும் அழகுதான். ஒரு பலத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஓரம் எங்கே தாழ்ந்திருக்கிறது, கேட் உரசுகிறதா என்பதெல்லாம் பேசாமலே தெரிந்துவிடும்.

கோயிலில் பழக்கமானவர், தூரத்துச் சொந்தமும்கூட. அவரிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. "தம்பி, நமக்குள்ள என்ன பேப்பர், எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று மாமா சொன்னபிறகு பேப்பரை நீட்டக் கை வராது. அவரும் கெட்டவர் அல்ல. ஆனால் வேறு இடத்தில் பெரிய வேலை வந்தால் 'சொந்தக்காரன்தானே, பொறுத்துக்கொள்வான்' என்று உங்கள் வேலைதான் முதலில் தள்ளிப்போகும். தெரிந்த வீடு ஒன்றில் பாதி தோண்டிய டிரைவ்வே ஒரு மழைக்காலம் முழுக்கக் குளமாகக் கிடந்தது. இரண்டு குடும்பங்களும் ஒரே கல்யாணத்துக்கு வந்து ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒப்பந்தம் என்ற சொல்லையே எடுக்கவேண்டாம். பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: "மாமா, இன்னிக்குப் பேசினது மறந்துடக்கூடாதுன்னு எழுதி வைக்கிறேன். 30 சதுர மீட்டர், 100 மி.மீ. கனம், 193 மெஷ், 25 எம்பிஏ, மொத்தம் இவ்வளவு, இந்தத் தேதியில் தொடங்கறோம். எதாவது விட்டிருந்தா சொல்லுங்க." அவர் 'சரி' என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், இந்த நாட்டில் அது செல்லும். பிறகு எந்த மாற்றமானாலும் அதே இடத்தில் எழுதுங்கள். 'இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்துப் போட்டுவிடுங்கள்' என்று வாய்வார்த்தையில் சொன்ன இரண்டு மீட்டர்தான் கடைசிக் கணக்கில் பூதமாக நிற்கும்.

இன்னொரு வழி, வீட்டுப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுவது. அதில் மரியாதை கெடாது, ஆனால் கணக்குக் குழம்பும். எனக்கு வாட்ஸ்அப்பே மேல்.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

பாதிக்கு மேல் கேட்டால் யோசியுங்கள். சிமெண்ட் வாங்கத்தான் முன்பணம் என்றால், ஹார்டுவேர் கடைக்கு நீங்களே நேராகக் கட்டி, உங்கள் முகவரிக்குச் சாமான் இறக்கச் சொல்லுங்கள். மூட்டையும் கம்பியும் உங்கள் கேட்டுக்குள் இருந்தால் ஆள் ஓடிப்போனாலும் சாமான் மிஞ்சும்.

மீதியை நிலைநிலையாகப் பிரியுங்கள். சாமான் வந்ததும் ஒரு பங்கு, பலகை அடித்துக் கம்பி கட்டியதை நீங்கள் பார்த்தபின் ஒரு பங்கு, கொட்டியதும் ஒரு பங்கு. கடைசி ஐந்து அல்லது பத்து சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நனைக்கும் நாட்கள் கழிந்து, குப்பை அள்ளி, ஒரு மழை பார்த்தபின் கொடுங்கள். இப்படிப் பிடித்து வைப்பதை முன்கூட்டியே சொல்லி எழுதியிருக்கவேண்டும். கடைசி நாளில் திடீரென்று சொன்னால் அது உங்கள் பக்கத் தவறு. கணக்கு முடியாதவரை இடத்தைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் உரிமை கட்டுபவருக்கும் இந்த நாட்டுச் சட்டத்தில் உண்டு.

தீபாவளிக்குள் முடிக்கவேண்டும். எப்போது தொடங்குவது?

எல்லோரும் செப்டம்பர் கடைசியில்தான் போன் செய்கிறார்கள். அதற்குள் கோடை மழை வந்துவிடும். இங்கே மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஈரத்தில் ஊறிய மண்ணை வாக்கரால் இறுக்க முடியாது, களிமண்ணானால் களியாகத்தான் ஆடும். டிசம்பர் நடுவில் கட்டடத் தொழிலுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள், ஜனவரியில்தான் ஆள் திரும்பும். பாதி வேலையோடு டிசம்பரைத் தொடும் வீட்டுக்கு அந்தப் பெருநாள் காலம் சேறும் சகதியும்தான்.

மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காலம். வெயிலும் கொல்லாது, கான்கிரீட் மெதுவாக இறுகும், கான்ட்ராக்டர்களுக்கும் வேலை குறைவு, விலையிலும் கொஞ்சம் பேசலாம்.

சிமெண்ட் எது நல்லது?

பிபிசி, ஆஃப்ரிசாம், என்பிசி என்று எந்தப் பெயரானாலும் சரி. பையில் எஸ்ஏஎன்எஸ் 50197 என்ற தேசியத் தர எண்ணும் 32.5 அல்லது 42.5 என்ற பலமும், அதோடு எல்ஓஏ (விற்க அனுமதிக் கடிதம்) எண்ணும் அச்சிட்டிருக்கவேண்டும். 50413 என்றிருந்தால் அது கல் கட்டவும் பூசவும் உள்ள சிமெண்ட், தளத்துக்கு ஆகாது. விலை குறைவென்று அதை வாங்கி வந்துவிடுவார்கள். பையை அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் திருப்பி அனுப்புங்கள்.

மணல் ஆற்றுமணலா என்று கேளுங்கள். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், கம்பியை அரித்துவிடும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீருமாகக் குலுக்கி வைத்தால், தெளிந்தபின் மேலே படியும் வண்டலின் அளவைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரெடிமிக்ஸ் லாரியா, வீட்டிலேயே குழைப்பதா?

அளவைப் பொறுத்தது. லாரியில் பொதுவாக ஆறு கன மீட்டர் வரும், அதற்குக் குறைந்தால் குறைஅளவுக் கட்டணம் போடுவார்கள். சாட்ஸ்வர்த்தின் ஒடுங்கிய சரிவான ரோடுகளில் அந்த லாரி திரும்புமா என்பது வேறு கேள்வி. பழைய டிரைவ்வேயின்மேல் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள், போட்டதை உடைத்துக்கொண்டு போகும்.

லாரி வந்தால் டெலிவரி நோட்டில் இரண்டைப் பாருங்கள்: எம்பிஏ பலம், கலந்த நேரம். கலந்து இரண்டு மணி நேரம் தாண்டுவதற்குள் கொட்டி முடிப்பது நல்லது. "இறுகுது, கொஞ்சம் தண்ணி விடு" என்று ஆட்கள் ஹோஸைத் தூக்கினால் தடுங்கள்.

வீட்டில் குழைப்பதானால் தள்ளுவண்டிதான் அளவுகோல். இங்கே விற்கும் கட்டட வேலைத் தள்ளுவண்டி ஒன்றின் கொள்ளளவு 65 லிட்டர், சிமெண்ட் மூட்டை 33 லிட்டர். அதாவது இரண்டு மூட்டை ஒரு வண்டிக்குச் சமம். ஆகவே இரண்டு மூட்டைக்கு மூன்று வண்டி மணல், மூன்று வண்டி ஜல்லி. மண்வெட்டிக் கணக்கில் போட்டால் காலையில் போட்டதும் மாலையில் போட்டதும் ஒன்றாயிருக்காது, ஆட்களுக்கும் கை சலிக்கும் அல்லவா.

கொட்டும் நாளன்று நான் வீட்டில் இருக்கவேண்டுமா?

கட்டாயம். லீவு போட ஒரு நாள்தான் உண்டென்றால் அந்த நாளுக்குப் போடுங்கள். ஆனால் முக்கியமான பார்வை கொட்டுவதற்கு முந்தின மாலையில். மேல்மண்ணும் வேரும் முழுக்க எடுத்தார்களா? நிரப்பிய மண்ணை 150 மி.மீ. அடுக்காகப் போட்டு இறுக்கினார்களா, அல்லது ஒரேயடியாகக் கொட்டி மேலே ஒருமுறை ஓட்டினார்களா? குதிகாலால் ஓங்கி மிதித்தால் குழி விழக்கூடாது. டர்பனின் பெரியா (Berea) மேட்டுப் பக்கம் செம்மணலில் வீடு வைத்திருப்பவர்கள் இதில் இரட்டைக் கவனம் வையுங்கள். அந்த மண் காய்ந்திருக்கும்போது சுவர்போல நிற்கும், தண்ணீர் புகுந்தால் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது பலகை. நூல் பிடித்து, நூலிலிருந்து தரைவரை டேப்பால் நடுவிலும் அளந்து பாருங்கள். ஓரத்தில் 100 மி.மீ. காட்டி நடுவில் மண்ணை மேடாக விட்டு 60இல் முடிப்பது பழைய தந்திரம். மேல்மட்டம் வீட்டுத் தரையிலிருந்து 150 மி.மீ. தாழ்ந்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டையைத் தாண்டி உள்ளே ஈரம் ஏறும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வீட்டைவிட்டு வெளியே சரிவு வேண்டும். வீட்டுச் சுவரும் தளமும் ஒட்டுமிடத்தில் நுரைப் பட்டை வைத்திருக்கவேண்டும்.

பிறகு வலைக்கம்பி. 193 மெஷ் என்பது 5.6 மி.மீ. கம்பி, 200 மி.மீ. கட்டம், சதுர மீட்டருக்கு 1.93 கிலோ. அந்த எடையிலிருந்துதான் எண்ணே வந்தது. கம்பி தரையில் படுத்துக் கிடந்தால் பயனில்லை. "கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம்" என்பார்கள். ஒரு கையில் கொக்கியும் மறு கையில் மண்வெட்டியுமாக, கணுக்கால்வரை கான்கிரீட்டில் நின்றுகொண்டு, தூக்கிய இடத்தையே மிதித்துக்கொண்டு போவார்கள். கம்பி மறுபடி அடியில்தான் போய்ப் படுக்கும். சின்னக் கவர் கட்டைகளின்மேல் கம்பியை உட்கார வைத்து, தளத்தின் மேல்பாதியில் நிற்கும்படி கட்டினால்தான் அது விரிசலைப் பிடிக்கும். கட்டியதைப் போனில் படம் எடுங்கள், ஒரு டேப்பும் படத்தில் தெரியட்டும்.

பின்பக்கம் மண் சரிகிறது. தாங்குசுவர் கட்டச் சொல்லி ஒருவர் பிளாக் விலை மட்டும் சொல்கிறார். சரியா?

சரியில்லை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளின் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. குவாசூலு-நேட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், மலைச்சரிவு வீடுகள் பல மண்ணோடு போயின. அந்த மாதிரி மழையை எந்தச் சுவரும் தாங்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் சாதாரணக் கோடை மழைக்கே விழும் சுவர்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் விழுவதில்லை, பின்னால் வடிய வழியின்றி நின்ற தண்ணீரின் அழுத்தத்தால் விழுகின்றன.

ஆகவே விலை கேட்கும்போது பிளாக்குக்குப் பின்னால் என்ன என்று கேளுங்கள். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஜல்லி அடுக்கு, மண் ஜல்லிக்குள் புகாமல் தடுக்கும் 'பிடிம்' என்ற வடிகட்டித் துணி, அடியில் ஓட்டை போட்ட வடிகுழாய், சுவரில் வடிதுளைகள், மேலே விழும் மழைநீரைத் திருப்பும் ஒரு சின்னக் கால்வாய், இத்தனையும் கொட்டேஷனில் வரவேண்டும். செடி வளர்க்கும் லோஃபல் பிளாக் சுவரானாலும் இன்ஜினியர் வரைபடத்தில் சொன்ன அஸ்திவாரமும் பின்சாய்வும் வேண்டும். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் திறந்தால் உங்கள் மண்சரிவுப் பிரச்சினை அவருடைய வழக்காக மாறும்.

சுவர் எழும்பும்போதே இன்ஜினியர் இரண்டு முறையாவது வந்து பார்க்கவேண்டும், அஸ்திவாரக் குழி திறந்திருக்கும்போது ஒன்று, பின்பக்கம் நிரப்பும்போது ஒன்று. முடிந்தபின் வந்து கையெழுத்துப் போடுவதானால் அவர் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

கொட்டியபின் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு?

எழுதாவிட்டால் யாருக்கும் இல்லை. ஏழு நாள் ஈரம் காயாமல் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் விரித்து ஓரங்களில் மண் போட்டு மூடலாம், அல்லது சாக்கு நனைத்துப் போடலாம். கான்ட்ராக்டர் ஏழு நாளும் வரமாட்டார், ஆகவே இதை நீங்களே எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக்கை மட்டும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பகுதிகளில் குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்லமுடியாது. கொட்டும் நாளுக்கு முன்பே ஜோஜோ தண்ணீர் டேங்க்கை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள், குழைக்கவும் அதுதான், நனைக்கவும் அதுதான்.

ஒரே மாதத்தில் விரிசல். பணத்தைப் பிடித்து வைக்கலாமா?

எந்த விரிசல் என்று பார்க்கவேண்டும். கான்கிரீட் காயும்போது சுருங்கும், அது இயல்பு. சுருங்கும் இடத்தை நாம் தீர்மானிக்கத்தான் ஜாயின்ட் வெட்டுகிறோம். 100 மி.மீ. தளத்துக்கு மூன்று மீட்டருக்குள் ஒரு ஜாயின்ட், கனத்தில் கால்பங்கு ஆழம். ஜாயின்ட் கோட்டுக்குள்ளே விரிந்திருந்தால் அது வேலை சரியாக நடந்ததன் அடையாளம். மேற்பரப்பில் மயிரிழைபோலச் சிலந்திவலை தெரிந்தால் கொட்டிய அன்று காற்றும் வெயிலும் ஈரத்தை வேகமாக உறிஞ்சியிருக்கும். அசிங்கம்தான், ஆனால் ஆபத்தில்லை.

விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்து மறு பக்கம் உயர்ந்திருந்தால் கதை வேறு. அடிமண் இறங்குகிறது. அதற்குமேல் சிமெண்ட் பால் பூசி மறைக்க விடாதீர்கள்.

வேலையாள் என் வீட்டில் விழுந்து அடிபட்டால்?

கான்ட்ராக்டரிடம் 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்' கேளுங்கள். வேலையாட்கள் இழப்பீட்டு நிதிக்கோ, கட்டடத் தொழிலுக்கான எஃப்ஈஎம் காப்பீட்டுக்கோ அவர் ஒழுங்காகக் கட்டி வருகிறார் என்பதற்கான கடிதம் அது. காலாவதித் தேதியையும் பாருங்கள். ஹார்டுவேர் கடை வாசலில் காலையில் ஆள் பொறுக்கி வருபவரிடம் அது இருக்காது.

பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், போனும் எடுப்பதில்லை. என்ன செய்வது?

முதலில் இருக்கும் நிலையை முழுக்கப் படமெடுங்கள், வேறொருவரைக் கொண்டு வேலை தொடங்குமுன். எவ்வளவு முடிந்தது, முடிக்க எவ்வளவு ஆகும் என்று இன்னொரு கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிறகு இன்னது குறை, இத்தனை பணம் என்று குறிப்பிட்டு 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், கையில் கொடுத்து ஒப்பம் வாங்கலாம், ரெஜிஸ்டர் தபாலும் ஆகும்.

பதில் இல்லையென்றால் சிறு வழக்கு நீதிமன்றம். 2019 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 20,000 ராண்ட். வக்கீல் வைக்கக்கூடாது என்பதே அங்கே விதி, அதனால் செலவும் இல்லை, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்குக் குமாஸ்தா மனு எழுத உதவுவார். உங்கள் நஷ்டம் 20,000க்கு மேல் என்றால் மேல்மிச்சத்தை விட்டுக்கொடுத்து அங்கேயே போகலாம், அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, சேவை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பவோ கேட்கும் உரிமையைத் தருகிறது. கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள், சிலர் அதிலேயே போனை எடுத்துவிடுகிறார்கள். மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டால் பொதுவாக உரிமை காலாவதியாகிவிடும்.

வீடு கடலோரம், பிளஃப் பக்கம். வேறெதாவது?

உப்புக்காற்று கம்பியைத் தேடி வரும். கம்பிக்கு மேல் கான்கிரீட் 50 மி.மீ. இருக்கட்டும், கலவையும் ஒரு படி கெட்டியாக 30 எம்பிஏ கேளுங்கள். கட்டுக்கம்பியின் நுனிகளை உள்பக்கம் மடிக்கச் சொல்லுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுனி போதும், துருக்கறை அங்கிருந்துதான் தொடங்கும்.

முற்றத்தில் கல்யாணப் பந்தல் போடுவோம், பெரிய பானையில் பிரியாணியும் அங்கேதான். தளம் தாங்குமா?

இதைக் கான்ட்ராக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள், பலர் சொல்வதில்லை. பந்தல்காரர்கள் வந்து புதுத் தளத்தில் துளை போட்டு ஆணி அடிப்பதைவிட, கொட்டும்போதே நான்கு ஓரங்களில் பிவிசி குழாய்த் துண்டைப் பதித்து மூடி போட்டு வைத்தால் கால் நட இடம் தயார். பந்தல் அளவை முன்பே பந்தல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடக்க இரண்டு நாள், கார் ஏற்ற ஏழு நாள், கனமான வண்டிக்கு 28 நாள் என்று விடுங்கள்.

விறகடுப்பை நேராகத் தளத்தின்மேல் மூட்டவேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேல்தோல் பட்டென்று பெயர்ந்து தெறிக்கும், பக்கத்தில் கிண்டுபவரின் காலில் பட்டால் புண்ணாகும். ஒரு மூலையில் மூன்று சதுர மீட்டரைக் கான்கிரீட் போடாமல் செங்கல் பாவி விடச் சொல்லுங்கள். இடமில்லையென்றால் தகரத்தின்மேல் நான்கு அங்குலம் மணல், அதன்மேல் அடுப்பு.